கேட்டீங்க, சொல்றேன்: ஆல்ப்ஸ் அடிவாரத்துல ஒரு சந்தை ஊர்

போன இதழ்ல முர்னாவ்ங்கற ஊரப் பத்தி சின்னதா எழுதியிருந்தேன். ஜெர்மனியில பவேரியா மாநிலம், ம்யூனிக்ல இருந்து தெக்க ஒரு 70 கிலோமீட்டர், ஆல்ப்ஸ் மலை எழும்பற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஷ்டாஃபல்ஸேன்னு ஒரு ஏரி, சுமார் 12,000 பேர், பழைய சந்தை ஊர், பக்கத்துல சதுப்பு நிலம், ராஜா, மடம், ஓவியர் கான்டின்ஸ்கி வாழ்ந்த ஊர். அவ்ளோதான் அதுல சொல்ல எடம் இருந்துச்சு. இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல, முடிஞ்சவரைக்கும் இந்த இதழ்லயே பதில் சொல்லிடறேன்.

*கேள்வி: சந்தை ஊர்னு எழுதியிருந்தீங்களே, எங்க ஊர் மாதிரி காய்கறிச் சந்தை கூடற ஊரா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)*

வாரச்சந்தை இன்னைக்கும் கூடுதுங்க. ஆனா அங்க சந்தை ஊர்ங்கறது ஒரு அந்தஸ்து. பவேரியாவுல கிராமத்துக்கு மேல, நகரத்துக்குக் கீழன்னு நடுவுல ஒரு படி வச்சிருந்தாங்க, அதுக்கு மார்க்ட்னு பேரு, ஊர்ப் பேருக்கு முன்னாடி இன்னமும் அதச் சேர்த்துத்தான் அரசாங்கக் காகிதத்துல எழுதறாங்க, அந்த மாதிரி ஊருங்க மாநிலத்துல நூத்துக்கணக்குல இருக்கு. இப்ப அது வெறும் பட்டம்தான். அந்தக் காலத்துல அப்படி இல்ல. நாம நெனச்ச எடத்துல கடை போட முடியாது, ராஜாவோ பிரபுவோ உரிமை குடுத்தாத்தான் சந்தை. உரிமை கெடச்ச ஊருக்கு சுத்துப்பட்டு விவசாயிங்க மாட்டையும் வெண்ணெயையும் ஓட்டிட்டு தூக்கிட்டு வருவாங்க, கொல்லரு, தோல் பதனிடறவரு, சாராயம் காச்சறவரு எல்லாம் அங்க குடியேறுவாங்க, ஊருக்குன்னு ஒரு சபை இருக்கும், சின்னச் சின்ன வழக்க அவங்களே தீத்துக்கலாம். முர்னாவுக்கு 14-ஆம் நூற்றாண்டுலயே இந்த உரிமை வந்துடுச்சு.

ஊர் எங்க இருக்குன்னு மேப்ல பாத்தீங்கன்னா காரணம் புரிஞ்சிடும். ம்யூனிக் பக்கத்துல இருந்து வர்ற பாதை வைல்ஹைம் வழியா இங்க வந்து, அப்புறம் பார்டன்கிர்ஷன், மிட்டன்வால்ட், டைரோல்னு ஏறி இத்தாலிக்குப் போகுது. மலை ஏறப்போற வண்டிக்கு கடைசி வசதியான நிறுத்தம், மலை இறங்கி வர்ற வண்டிக்கு முதல் நிறுத்தம். வண்டிக்காரனுக்குச் சாப்பாடு, குதிரைக்குத் தீனி, லாடம், ராத்திரி படுக்க எடம் எல்லாமே காசு. அதனாலதான் ஊர்னா முதல்ல ஒரு அகலமான தெரு, ரெண்டு பக்கமும் விடுதியும் கடையும். மேல் பாதிக்கு ஓபர்மார்க்ட், கீழ் பாதிக்கு உன்டர்மார்க்ட்னு பேரு, நடுவுல மாதா சிலை வச்ச தூண். தெருவுல நின்னு தெக்கப் பாத்தா கடைசி வீட்டுக்கு மேல நேரா மலை. நீங்க கேட்ட மத்த எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த ஒரு தெருவுலதான் கெடக்கு, கீழ படிச்சுக்கிட்டே வாங்க.

*கேள்வி: ராஜா, மடம், ஓவியர்னு எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கே, அந்த ஊர் சாதாரணப் பொம்பளைங்களப் பத்தி ஏதாவது தெரியுமா? (கரூர் வாசகி)*

தெரியும்மா, அதுவும் நீங்க கரூர்ல இருந்து கேக்கறதால இந்தப் பதில் உங்களுக்கு ரொம்பப் பொருந்தும். ஷ்டாஃபல்ஸே ஏரியில ஏழு தீவு இருக்கு, அதுல பெருசு வோர்த். முர்னாவ் சந்தை உருவாகறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அந்தத் தீவுல ஒரு கிறிஸ்தவ மடம் இருந்துச்சு. கி.பி. 810 வாக்குல, சார்லமேன் பேரரசர் காலத்துல, அந்த மடத்தோட சொத்தக் கணக்கெடுத்து எழுதின பட்டியல் அப்படியே நமக்குக் கெடச்சிருக்கு. உழவு மாடு 26, பசு 20, வாத்து 63, தேன்கூடு 17, பாலாடைக்கட்டி 40னு எண்ணி எழுதியிருக்காங்க. அதே பட்டியல்ல ஒரு வரி, பெண்கள் வேலை செய்யற கூடம் ஒண்ணு இருக்கு, அதுல 24 பெண்கள், அவங்க நெய்து வச்ச கம்பளித் துணியும் லினன் துணியும் இத்தனைன்னு. நெய்யறதுக்குன்னே ஒரு கூடம், 1,200 வருஷத்துக்கு முன்னாடி. 24 பேருல ஒருத்தர் பேரும் இல்ல, வாத்துக்குப் பக்கத்துல எண்ணிக்கையா நிக்கறாங்க. ஆனாலும் இந்த ஏரிக்கரையில யாரு உழைச்சாங்கன்னு கேட்டா கைக்குக் கெடைக்கற ரொம்பப் பழைய சாட்சில அவங்க இருக்காங்க. இந்த வரியப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராஜா பேரு எதுவும் மனசுல நிக்கறதில்ல.

*கேள்வி: ஊர் யாருக்குச் சொந்தமா இருந்துச்சு? (கும்பகோணம் வாசகர்)*

மடத்துக்கு. பேரரசர் லூட்விக் 1330-ல பக்கத்து மலைப் பள்ளத்தாக்குல எட்டால்னு ஒரு பெனடிக்டைன் மடம் கட்டினாரு, 1332-ல முர்னாவ அதுக்கு எழுதி வச்சாரு. அதுல இருந்து 1803 வரைக்கும், 470 வருஷம், வரி, நீதி எல்லாம் எட்டால் மடத்தோட கையில. ஊர் மேட்டுல இருக்கற கோட்டையில மடத்தோட அதிகாரி உக்காந்து நிர்வாகம் பண்ணாரு, அந்தக் கோட்டைதான் இப்ப ம்யூசியம். 1803-ல பவேரிய அரசு மடங்களோட சொத்தையெல்லாம் எடுத்துக்கிச்சு, அதோட அந்த ஆட்சி முடிஞ்சுது.

*கேள்வி: போட்டோவுல வீடெல்லாம் மஞ்சள், சிவப்பு, பச்சைன்னு கலர் கலரா இருக்கு, இது பழைய காலத்துல இருந்தே அப்படித்தானா? (புதுச்சேரி வாசகி)*

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, டூர் பஸ்ல வர்றவங்க ஐநூறு வருஷப் பழைய தெருன்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. வீடுங்க பழசுதான், ஆனா நாம பாக்கற அந்த ஒட்டுமொத்தத் தோற்றம் 20-ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல வந்தது. எமானுவேல் ஃபான் ஸைட்ல்னு ஒரு ம்யூனிக் ஆர்க்கிடெக்ட், பணக்காரங்களுக்கு வில்லா கட்டிக் குடுத்தவரு, முர்னாவ்ல தனக்குன்னு ஒரு வீடும் பெரிய பூங்காவும் போட்டுக்கிட்டாரு, அப்புறம் 1906-ல இருந்து கடைத்தெரு வீட்டுக்காரங்ககிட்டப் பேசிப் பேசி முகப்பையெல்லாம் சீர் பண்ணி, எந்த வீட்டுக்கு எந்தக் கலர், எங்க சித்திரம், எந்தக் கடைப் பலகை எப்படித் தொங்கணும்னு ஒரே கண்ணால பாத்து முடிவு பண்ணாரு. அவர் பூங்காவுல 1910-ல மாக்ஸ் ரைன்ஹார்ட்ங்கற பேர்போன நாடக இயக்குநர் வந்து ஷேக்ஸ்பியர் நாடகத்த மரத்தடியில போட்டாரு. பூங்கா இன்னைக்கும் எல்லாருக்கும் திறந்திருக்கு, வீடு மட்டும் இல்ல, இடிச்சுட்டாங்க. ஊருக்கே முகம் குடுத்தவரோட வீட்டக் காப்பாத்தாம விட்டது எனக்கு இன்னமும் ஆறல.

அவரோட அண்ணன் காப்ரியேலும் ஆர்க்கிடெக்ட்தான், பக்கத்துல பாட் டோல்ஸ் ஊரோட கடைத்தெருவ இதே மாதிரி மாத்தினவரு அவரு. ம்யூனிக்ல லென்பாக்ங்கற ஓவியருக்கு மாளிகை கட்டினதும் அவருதான். அந்த மாளிகைய ஞாபகம் வச்சுக்கங்க, அடுத்த பதில்ல வருது.

*கேள்வி: கான்டின்ஸ்கி எதுக்கு இந்தச் சின்ன ஊருக்கு வந்தாரு? அவர் வீடு இன்னும் இருக்கா? (சென்னை, ஓவியக் கல்லூரி மாணவர்)*

தம்பி, வீடு இருக்கு. ஆனா அது அவர் வீடு இல்ல, கப்ரியேலே ம்யூன்டர் வீடு. எழுதறவங்க பாதிப் பேரு இத மறந்துடறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கான்டின்ஸ்கி ரஷ்யாக்காரரு, ம்யூனிக்ல ஓவியம் சொல்லிக் குடுத்தாரு, ம்யூன்டர் அவர்கிட்டப் படிக்க வந்த ஜெர்மன் பொண்ணு, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தாங்க. 1908-ல இந்த ஊரக் கண்டுபிடிச்சு, அந்தக் கோடையில யாவ்லென்ஸ்கி, மரியன்னே ஃபான் வெரெஃப்கின்னு இன்னும் ரெண்டு ஓவியர்களையும் கூட்டிக்கிட்டு வந்து கடைத்தெருவுல க்ரீஸ்ப்ராய்னு ஒரு பீர் விடுதியில தங்கினாங்க. ஜன்னலத் திறந்தா தெரு, கலர் கலர் சுவர், பின்னாடி நீல மலை. மலைக்காத்து அடிக்கற நாள்ல காத்து அவ்ளோ தெளிவாயிடும், பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற மலை தெருக்கோடிக்கு வந்து நின்ன மாதிரி ஆயிடும், தூரம் பக்கம்ங்கற வித்தியாசமே போயி எல்லாம் தட்டையான கலர்த் துண்டாத் தெரியும். அந்தச் சில வாரத்துல நாலு பேரோட கையும் மாறிடுச்சு. அதுவரைக்கும் சின்னச் சின்னத் தீற்றலா வச்சு இயற்கையப் பாத்து வரைஞ்சவங்க, பட்டையான கோடு, உள்ள முழுசா ஒரே கலர்னு போக ஆரம்பிச்சாங்க. ம்யூன்டர் ஒரே நாள்ல நாலஞ்சு படம் வரைஞ்சு தள்ளினாங்க.

1909-ல ரயில் பாதைக்குப் பக்கத்து மேட்டுல ஒரு புது வீட்ட ம்யூன்டர் தன் காசுல வாங்கினாங்க. ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு ரஷ்யாக்காரங்க வீடு. கான்டின்ஸ்கி அங்க பவேரிய உடை போட்டுக்கிட்டுத் தோட்டத்துல மண்வெட்டி புடிச்சாரு, வீட்டு மாடிப்படியில குதிரையும் பூவுமா அவர் வரைஞ்சது இன்னைக்கும் இருக்கு, நீங்க அந்தப் படியப் பாக்கலாம். இந்த எடத்துல சந்தை திரும்ப வருது பாருங்க. ஷ்டாஃபல்ஸே சுத்துப்பட்டுல, முர்னாவ், ஸேஹவுஸன், உஃபிங்னு, 18, 19-ஆம் நூற்றாண்டுல கண்ணாடியில சாமி படம் வரையறது குடும்பத் தொழில். கண்ணாடியோட பின்பக்கம் வரையணும், முன்பக்கம் இருந்து பாக்கணும், அதனால எல்லாம் தலைகீழ், முதல்ல கண்ணு மூக்குக் கோடு, அப்புறம்தான் மேல கலர் நிரப்பணும். முதுகுல மரச்சட்டம் கட்டிக்கிட்டு அதச் சுமந்து ஊர் ஊராப் போயி வித்தாங்க. யோஹான் க்ரோட்ஸ்னு முர்னாவ் பீர் காச்சற முதலாளி ஒருத்தர் அப்படிப்பட்ட படங்கள ஆயிரம் வாக்குல சேத்து வச்சிருந்தாரு, ம்யூன்டரும் கான்டின்ஸ்கியும் அங்க போயிப் பாத்தாங்க, அந்தத் தொழில விடாம செஞ்சுக்கிட்டிருந்த ஹைன்ரிஷ் ராம்போல்ட்ங்கறவர்கிட்ட ம்யூன்டர் உக்காந்து கத்துக்கிட்டாங்க. நவீன ஓவியத்துல பெரிய திருப்பம்னு கல்லூரியில சொல்லிக் குடுக்கறாங்களே, 1911 டிசம்பர்ல கான்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்ங்கற ஓவியரும் சேர்ந்து ம்யூனிக்ல நடத்தின நீலக் குதிரைவீரன் கண்காட்சி, 1912-ல வந்த அவங்க தொகுப்புப் புத்தகம், அதுல பாரிஸ் ஓவியத்துக்குப் பக்கத்துல இந்தப் பவேரியக் கண்ணாடிச் சாமி படங்களையும் சமமா அச்சடிச்சிருக்காங்க. பேரு தெரியாத சந்தைத் தொழிலாளிய மாஸ்டர் பக்கத்துல உக்கார வச்சது அந்தப் புத்தகத்தோட பெரிய தைரியம்.

1914-ல போர் வந்துச்சு, கான்டின்ஸ்கி எதிரி நாட்டுக்காரர் ஆயிட்டாரு, கிளம்பிப் போயிட்டாரு. ம்யூன்டர் ஸ்வீடன் வரைக்கும் போயிக் காத்திருந்தாங்க, 1916-ல ஸ்டாக்ஹோம்ல கடைசியாப் பாத்துக்கிட்டாங்க, 1917-ல அவரு மாஸ்கோவுல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. இவங்ககிட்ட அவர் விட்டுட்டுப் போன படங்க இருந்துச்சு, வழக்கு, பேச்சுவார்த்தைன்னு இழுத்து கொஞ்சம் அவருக்குத் திரும்பப் போச்சு, மிச்சம் இவங்க கையில. 1931-ல முர்னாவ் வீட்டுக்கே நிரந்தரமா வந்துட்டாங்க. 1937-ல நாஜிங்க ம்யூனிக்ல 'கெட்டுப்போன கலை'ன்னு கண்காட்சி போட்டு கான்டின்ஸ்கி, மார்க் எல்லாரோட படத்தையும் அவமானப்படுத்தினப்ப, அதே மாதிரிப் படங்க நூத்துக்கணக்குல முர்னாவ்ல இந்தம்மா வீட்டு நிலவறையில. போர் முடியற வரைக்கும் காப்பாத்தினாங்க. 1957-ல தன்னோட 80-ஆவது பிறந்தநாள ஒட்டி ஆயிரத்துக்கு மேல படைப்பு, அதுல கான்டின்ஸ்கி எண்ணெய் ஓவியம் மட்டும் சுமார் 90, மொத்தத்தையும் ம்யூனிக் நகரத்துக்குக் குடுத்துட்டாங்க. அது போன எடம் லென்பாக் மாளிகை, மேல சொன்னேனே, அதுதான். 1962-ல முர்னாவ்லயே இறந்தாங்க.

விட்டுட்டுப் போனவரோட படத்த உயிரக் குடுத்துக் காப்பாத்தினாங்கன்னு இத ஒரு காதல் கதையா சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவங்க ஓவியர், அந்தப் படங்களோட மதிப்பு என்னன்னு ஊர்ல வேற யாருக்கும் தெரியாதப்ப அவங்களுக்குத் தெரியும். அதுக்காகக் காப்பாத்தினாங்க. நீங்க ஓவியம் படிக்கறீங்க, முர்னாவ் போனா முதல்ல ம்யூன்டர் படத்தப் பாருங்க தம்பி.

*கேள்வி: கான்டின்ஸ்கிக்கும் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கும் தொடர்பு உண்டுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா? (அடையாறு வாசகர்)*

நேரடியா வந்து போன தொடர்பு கெடையாது, ஆனா படிச்ச தொடர்பு நிச்சயமா உண்டு. அன்னி பெசன்ட் 1907-ல சொசைட்டிக்குத் தலைவரானாங்க, தலைமையகம் உங்க அடையாறு. அவங்களும் லெட்பீட்டரும் சேர்ந்து, ஒவ்வொரு எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் ஒரு நிறமும் வடிவமும் உண்டுன்னு கலர்ப் படத்தோட ஒரு புத்தகம் போட்டிருந்தாங்க, அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1908-ல வந்துச்சு, கான்டின்ஸ்கி அதப் படிச்சாரு. 1911 கடைசியில வந்த தன்னோட கலைத் தத்துவப் புத்தகத்துல தியசாபிகல் சொசைட்டிய பேர் சொல்லியே எழுதியிருக்காரு. அதனால மட்டும்தான் அவரு அரூப ஓவியத்துக்குப் போனாருன்னு சொல்றது மிகை. இசை, ரஷ்யச் சாமி படம், நான் மேல சொன்ன கண்ணாடி ஓவியம், அந்த ஊர் வெளிச்சம் எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கு.

*கேள்வி: கான்டின்ஸ்கியோட ஒரு முர்னாவ் படத்துல கறுப்பு ட்ரெயின் ஒண்ணு போகுமே, அது எந்த லைன்? (பெரம்பூர், ரயில்வேயில வேலை பாக்கற வாசகர்)*

அது 1909-ல வரைஞ்சது, ம்யூனிக் கார்மிஷ் மெயின் லைன், ம்யூன்டர் வீட்டு ஜன்னல்ல இருந்து அப்படியே தெரியும். வைல்ஹைம்ல இருந்து முர்னாவுக்கு 1879-ல ரயில் வந்துச்சு, அங்க இருந்து கார்மிஷுக்கு 1889-ல.

ஆனா ரயில்வேக்காரரான உங்களுக்குப் பிடிக்கற விஷயம் பக்கத்துல பிரியற இன்னொரு லைன்லதான் இருக்கு. முர்னாவ்ல இருந்து ஓபராமர்காவ் வரைக்கும் 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 1900-ல திறந்தாங்க, ஏன்னா ஓபராமர்காவ்ல பத்து வருஷத்துக்கு ஒரு தடவ ஏசு பாடுகளோட நாடகம் ஊரே சேர்ந்து போடுவாங்க, உலகம் முழுக்க இருந்து கூட்டம் வரும், 1900 அப்படி ஒரு நாடக வருஷம். முதல்ல கரண்டுல ஓட்டணும்னு ஆரம்பிச்சு, அது சரியா வராம நீராவி எஞ்சின் போட்டாங்க, அப்புறம் 1905 ஜனவரி 1-ல இருந்து கரண்டுல ஓட்டினாங்க, ஒற்றைக் கட்ட மாறுமின்சாரம், 16 ஹெர்ட்ஸ், சுமார் 5,000 வோல்ட், பக்கத்துல அம்மர் ஆத்துல காமர்ல்ங்கற எடத்துல நீர்மின் நிலையம். ஜெர்மனியில குறைஞ்ச அதிர்வெண்ல இந்த மாதிரி மின்சாரத்துல தெனசரி வண்டி ஓடின முதல் பாதை இதுதான். இன்னைக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விஸ் மெயின் லைனெல்லாம் ஓடற 15,000 வோல்ட் முறைக்கு முன்னோடி. நம்ம ஊர்ல 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சின்ன லைன்ல இன்னைக்கும் வண்டி ஓடுது.

*கேள்வி: இவ்ளோ அழகான ஊர், ஹிட்லர் காலத்துல எப்படி இருந்துச்சு? (யாழ்ப்பாண வாசகர்)*

கேட்டதுக்கு நன்றிங்க. டூரிஸ்ட் புத்தகத்துல இந்தப் பக்கம் ரெண்டு வரியில முடிஞ்சிடும்.

நாஜிக் கட்சி சீக்கிரமே வேர் விட்ட ஊர்கள்ல முர்னாவ் ஒண்ணு. கட்சியோட ஆரம்பகாலப் பொருளாதாரக் குரு காட்ஃப்ரீட் ஃபேடர் கடைசியில வந்து செத்தது 1941-ல இங்கதான். அதே ஊர்ல ஓடோன் ஃபான் ஹோர்வாத்னு நாடக ஆசிரியர், ஹங்கேரியக் குடிமகன், 1924-ல இருந்து அப்பா அம்மா கட்டின வீட்டுல இருந்தாரு. அவரு கடைத்தெரு விடுதிகள்ல உக்காந்து சாதாரண ஜனங்க எப்படிப் பேசறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு, அந்தப் பேச்சுதான் அவர் நாடகம். 1931 பிப்ரவரி 1-ஆம் தேதி கிர்ஷ்மைர் விடுதியில சோஷியல் டெமாக்ரட் கட்சிக் கூட்டம், நாஜிங்க உள்ள பூந்து அடிதடி, நாற்காலியும் பீர் மக்கும் பறந்துச்சு, பல பேருக்கு மண்டை உடைஞ்சுது. ஹோர்வாத் அங்க இருந்தாரு. கோர்ட்டுல போயி, யாரு ஆரம்பிச்சதுன்னு பாத்தத அப்படியே சாட்சி சொன்னாரு. தெனம் பாத்து வணக்கம் சொல்ற ஊர்க்காரங்களுக்கு எதிரா, அவ்ளோ சின்ன ஊர்ல சாட்சி சொல்றதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேணாம். 1933 ஜனவரி கடைசியில ஹிட்லர் பதவிக்கு வந்தாரு, பிப்ரவரியிலயே ஹோர்வாத் ஊர விட்டுப் போக வேண்டியதாச்சு. வியன்னா, அப்புறம் 1938-ல பாரிஸ், அங்க ஜூன் 1-ஆம் தேதி புயல்ல மரக்கிளை ஒண்ணு மேல விழுந்து 36 வயசுல போயிட்டாரு. ஊர் அவர ஏத்துக்க ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப 2013-ல இருந்து அவர் பேருல ஒரு பரிசு குடுக்கறாங்க.

இன்னொருத்தர் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட். 1919 நவம்பர் 6-ல முர்னாவ்ல பொறந்தாரு, அப்பா சம்ஸ்கிருதம் ஆராய்ச்சி பண்ணவரு. ம்யூனிக்ல மருத்துவ மாணவர்கள் ஹிட்லருக்கு எதிரா துண்டுப் பிரசுரம் போட்ட வெள்ளை ரோஜா குழுவுல இவரும் ஒருத்தர். அதே குழுவுல இருந்த ஹான்ஸ் ஷோல் பிடிபட்டப்ப, அடுத்த பிரசுரத்துக்கு ப்ரோப்ஸ்ட் கையால எழுதின வரைவு அவர்கிட்ட இருந்துச்சு. 1943 பிப்ரவரி 22, ஹான்ஸ், அவர் தங்கை ஸோஃபி ரெண்டு பேரோட ப்ரோப்ஸ்டையும் அன்னைக்கே விசாரிச்சு அன்னைக்கே தலைய வெட்டிட்டாங்க. வயசு 23, மூணு குழந்தைங்க, கடைசிக் குழந்தை அப்பத்தான் பொறந்திருந்துச்சு.

கடைத்தெருவுக்குக் கொஞ்ச தூரத்துல ராணுவ முகாம்ல 1939-ல இருந்து 1945 வரைக்கும் போலந்து ராணுவ அதிகாரிகளுக்கான கைதி முகாம் நடந்துச்சு, முடிவுல 5,000 பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்க, 1944-ல வார்சாவுல ஜெர்மன் படைக்கு எதிரா நடந்த எழுச்சியில பிடிபட்டவங்களும் அதுல உண்டு. 1945 ஏப்ரல் 29 மதியம் அமெரிக்க டாங்கிங்க வந்துச்சு, சரியா அதே நேரத்துல எதிர்ப்பக்கம் இருந்து நாஜிங்களோட எஸ்.எஸ். படைக் கார்கள், முகாம் வாசல்லயே துப்பாக்கிச் சண்டை, கைதிங்க உள்ள இருந்து பாத்துக்கிட்டிருக்காங்க, போட்டோவும் எடுத்திருக்காங்க. அந்த முகாம் நெகட்டிவ் சுருளுங்க தெற்கு பிரான்ஸ்ல ஒரு குப்பைத் தொட்டி ஓரத்துல மரப்பெட்டியில கெடந்து 1999-ல கெடச்சுது. அங்க எப்படிப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் புதிர்.

ம்யூன்டர் படத்த ஒளிச்சு வச்சதும், ஹோர்வாத்த விரட்டினதும், முகாம்ல அத்தன பேர அடைச்சதும் எல்லாம் நடந்து போற தூரத்துக்குள்ள. ஒரே ரொட்டிக் கடையில ரொட்டி வாங்கினவங்க.

*கேள்வி: முர்னாவ் சதுப்பு நிலம் பத்தி ஒரே வரியில விட்டுட்டீங்களே! (வேடந்தாங்கல் பக்கம் இருந்து ஒரு வாசகி)*

ஆமாம்மா, அதுக்குத் தனியாவே எழுதணும். ஊருக்குத் தெக்க மலை வரைக்கும் 32 சதுர கிலோமீட்டர், மத்திய ஐரோப்பாவுல ஆல்ப்ஸ் ஓரத்துல இவ்ளோ பெருசா முழுசா மிஞ்சியிருக்கற சதுப்பு வேற இல்ல. பனியுகத்துல லோய்ஸாக் பள்ளத்தாக்குப் பனியாறு தோண்டின பள்ளம், பனி உருகி ஏரியாச்சு, வண்டல் மூடி பாசி வளர்ந்து சதுப்பாச்சு. பாசி மக்கி மண் உயர்றது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அப்ப ஒரு மீட்டருக்கு எத்தன காலம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இது தானா இருக்கற காடுன்னு நெனச்சா தப்பு, பெரும் பகுதி விவசாயிங்க கையால உண்டான புல்வெளி. இந்தப் பக்கம் மழை ஜாஸ்தி, குளிர், தானியம் சரியா வராது, தானியம் இல்லன்னா வைக்கோல் இல்ல, வைக்கோல் இல்லன்னா குளிர்காலம் முழுக்க தொழுவத்துல நிக்கற மாட்டுக்குக் கீழ என்னத்தப் போடறது? அதுக்கு சதுப்புப் புல்ல வருஷத்துல ஒரே தடவ, இலையுதிர் காலத்துல, காஞ்சப்புறம் அறுத்து எடுத்துட்டுப் போனாங்க. உரம் போடல, கோடையில தொடல. அதனால ஜூன்ல நீல ஐரிஸ் பூத்து வெதை விட நேரம் இருந்துச்சு, தரையில கூடு கட்டற கார்ன்க்ரேக் பறவைக்குக் குஞ்சு பொரிச்சு வளக்க நேரம் இருந்துச்சு. அந்தப் பறவை ஆப்பிரிக்காவுல குளிர்காலத்தக் கழிச்சுட்டு இங்க வருது, உயரப் புல்லுக்குள்ள ஒளிஞ்சு ராத்திரியெல்லாம் சீப்ப நகத்தால கீர்ற மாதிரிக் கத்தும், கண்ணுல படவே படாது. பவேரியாவுல அதுக்கு மிச்சம் இருக்கற முக்கியமான எடம் இது.

அப்புறம் காலம் மாறுச்சு, அறுக்கறத விட்டுட்டாங்க, புதர் மண்ட ஆரம்பிச்சுது. இன்னொரு பக்கம் சதுப்பு நடுவுல துருத்திக்கிட்டு நிக்கற கல்லுக் குன்றுங்க ரொம்ப கெட்டியான கல்லு, ரயில் ஜல்லிக்கும் ரோட்டுக்கும் உடைச்சு உடைச்சு எடுத்தாங்க. 1980-ல பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சாங்க, குவாரி 2000-ல மூடுச்சு. இப்ப லேட்டா அறுக்கற விவசாயிக்கு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டுக் காசு குடுக்குது. முர்னாவ் வெர்டன்ஃபெல்ஸ்னு இந்த மண்ணுக்கே உண்டான மாட்டு இனம் ஒண்ணு, மஞ்சக் காவி நிறம், இந்த ஈரப் புல்லுக்கு ஏத்தது, அழிவுக்கு ரொம்பப் பக்கத்துல போயிடுச்சு, அதையும் பிடிச்சு வச்சிருக்காங்க. பறவையக் காப்பாத்தணும்னா மாடு வேணும், மாடு வேணும்னா வளக்கறவருக்குக் கட்டுப்படியாகணும். சட்டம் போட்டு வேலி கட்டினா மட்டும் சதுப்பு பொழைக்காதுன்னு இங்க ரொம்பத் தெளிவாத் தெரியும்.

*கேள்வி: சினிமா டைரக்டர் முர்னாவ் இந்த ஊர்க்காரரா? (திருச்சி வாசகர்)*

இல்ல, 1888-ல பீலஃபெல்ட்ல பொறந்தவரு, நிஜப் பேரு ப்ளும்ப. இங்க வந்து தங்கினப்ப ஊர் பிடிச்சுப் போயி பேராவே வச்சுக்கிட்டாரு.

*கேள்வி: கிரேக்க, லத்தீன் நூல்கள் பச்சை, சிவப்பு அட்டையில வருமே லோப் வரிசை, அதுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்)*

ஐயா, அத 1911-ல ஆரம்பிச்ச ஜேம்ஸ் லோப் நியூயார்க் பேங்கர் குடும்பம், யூதர், மனநலம் பாதிக்கப்பட்டு பேங்க் தொழில விட்டுட்டு, சிகிச்சைக்கு ஜெர்மனி வந்து, முர்னாவ் பக்கம் ஹோக்ரீட்ல வீடு கட்டித் தங்கிட்டாரு. ம்யூனிக்ல மனநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அள்ளிக் குடுத்தாரு, முர்னாவ் ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்தாரு, அது 1932-ல திறந்துச்சு. 1933 மே மாசம் அங்கயே காலமாயிட்டாரு. நாஜிங்க வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

*கேள்வி: ஒரு நாள்ல பாத்துட முடியுமா? எப்ப போறது? (சிங்கப்பூர் வாசகி)*

முடியும், ஆனா திங்கக்கிழமை போகாதீங்க, ம்யூன்டர் வீடும் கோட்டை ம்யூசியமும் மூடியிருக்கும். ம்யூன்டர் வீடு மத்த நாள்லயும் மதியத்துக்கு மேலதான் திறப்பாங்க, அதனால காலையில சதுப்பு, சாயங்காலம் ஊர்னு வச்சுக்கங்க. சதுப்பச் சுத்தற பாதை 12 கிலோமீட்டர், ஏன்ட்ல்னு சொல்ற குட்டிச் சர்ச்சுல ஆரம்பிக்குது, முழுசா நடக்க முடியலன்னாலும் மரப்பலகைப் பாதை வரைக்கும் போயிட்டு வரலாம். ஐரிஸ் பாக்கணும்னா ஜூன் ஆரம்பம். குதிரை, அலங்கார வண்டி பாக்கணும்னா நவம்பர் 6, புனித லியோன்ஹார்ட் நாள், முர்னாவ்ல இருந்து ஃப்ரோஷ்ஹவுஸன் சர்ச்சுக்கு ஊர்வலம் போகும், குளிருக்குத் தயாராப் போங்க. கார்பஸ் கிறிஸ்டிங்கற கிறிஸ்தவத் திருநாள் அன்னைக்கு ஸேஹவுஸன்ல இருந்து படகுல சாமி ஊர்வலம் உண்டு, அந்தத் தேதி வருஷா வருஷம் மாறும், பாத்துட்டு டிக்கெட் போடுங்க. ம்யூனிக்ல இருந்து ட்ரெயின் ஒரு மணி நேரம்தான், கார் வேணாம், தெருவுல நிறுத்த எடம் கெடைக்கறது கஷ்டம்.